வளைகாப்புக்கு அப்புறம் பிபி யார் பார்க்கிறது?

சிக்கலான கர்ப்பங்களைப் பார்த்துக்கிற டாக்டர்னு ஒரு தனிப் பிரிவு இருக்கு. எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம், மகப்பேறு எம்எஸ் 3 வருஷம், அதுக்கும் மேல ஃபெல்லோஷிப் 2 வருஷம். இவ்வளவு படிச்சுட்டு அவங்க அப்படி என்னதான் பண்றாங்க? இன்னைக்கு அதைப் பேசலாம்.

முதல்ல எழும்பூர். 1844-ல ஆரம்பிச்ச மகப்பேறு மருத்துவமனை. அங்கே வேலை பார்த்தவர் டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன். நேரு அமைச்சரவையில இருந்தவர் இல்லைங்க, இவர் வேற! மகப்பேறு படிக்கிறவங்களுக்கு ‘முதலியார் அண்ட் மேனன்’ புத்தகம் தெரியும். அந்த மேனன்தான் இவர்.

அவர் மல்லுக்கட்டினது எக்லாம்ப்சியாவோட. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வரும். தாய், பிள்ளை ரெண்டு உயிரும் போகலாம். குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெதிடின்னு மூணு மருந்தைச் சேர்த்து அவர் ஒரு சிகிச்சை முறை கொண்டுவந்தார். 1961-ல பிரிட்டிஷ் மகப்பேறு இதழ்ல அதைப் பத்தி எழுதினார். நம்ம பிரசவ வார்டுகள்ல ரொம்ப காலம் அது புழக்கத்துல இருந்துச்சு.

அப்புறம் 1995-ல ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பல நாடுகள், 1,687 பெண்கள். டயஸிபாம், ஃபெனிடோயின் ரெண்டையும் விட மெக்னீசியம் சல்ஃபேட் கொடுத்தா வலிப்பு திரும்ப வர்றது பாதிக்கு மேல குறையுதுன்னு தெரிஞ்சது. இன்னைக்கு முதல் மருந்து அதுதான்.

ஆனா மருந்து எவ்வளவு நல்லதா இருந்தாலும், வலிப்பு வர்ற வரைக்கும் விடக் கூடாது. ஆபத்தை முன்னாடியே பார்க்கிறதுதான் இந்த டாக்டரோட முக்கியமான வேலை.

இப்போ காரைக்குடிக்கு வருவோம். பொண்ணு சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்க்கும். முதல் ஆறேழு மாசம் செக்கப் அங்கே. வளைகாப்பு முடிஞ்சதும் பிரசவத்துக்கு அம்மா வீடு. நல்ல வழக்கம்தான். ஆனா இந்த அழுத்தம் பெரும்பாலும் ஏற ஆரம்பிக்கிறதும் அதே கடைசி மாசங்கள்லதான். சரியா அந்த நேரத்துலதான் டாக்டர் மாறுறாங்க.

புது டாக்டர் பிபி பார்க்கிறாங்க, 134/86. எல்லைக் கோடான 140/90-ஐத் தொடலை. ஆனா மூணாவது மாசம் அது 100/60-ஆ இருந்திருந்தா? அப்போ அதை உன்னிப்பா கவனிக்கணும். பழைய எண் கையில இல்லைன்னா அது எப்படித் தெரியும்? ஆபத்து இருக்கிறவங்களுக்கு பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டி ஆரம்பிக்கிற குறைந்த அளவு ஆஸ்பிரினும் இந்த மாற்றத்துல நின்னு போகலாம்.

நிலைமை மோசமானா சிவகங்கை மருத்துவக் கல்லூரி இருக்கு, 2012-ல வந்தது. இல்லைன்னா மதுரை, சுமார் 90 கிலோமீட்டர். எங்கே போறது, எந்த வண்டின்னு முன்னாடியே பேசி வைக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு யோசிக்கிற விஷயம் இல்லை அது.

அதனால ஊருக்குக் கிளம்பும்போது புடவை, வளையலோட ஃபைலையும் எடுத்து வைங்க. எல்லா பிபி அளவும், ஸ்கேனும், மாத்திரைப் பட்டியலும் அதுல இருக்கட்டும். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தா ‘மசக்கை’, ‘வாயு’ன்னு விடாதீங்க, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

உங்க வீட்ல யாராவது இப்போ ஊருக்குக் கிளம்புறாங்கன்னா இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பேசுவோம்.