ஒரு படம் போதாது

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஓவியம் படித்தவள் இல்லை, வரலாற்று ஆய்வு மாணவி. ஆனாலும் இன்று ஓர் ஓவியரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நூறு நாளில் நூறு ஓவியம், ஒரு மாதத்தில் முப்பது ஓவியம் என்று இப்போது இளைஞர்கள் சமூக ஊடகத்தில் சவால் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம், கை தேறும். அந்தப் பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1940இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு கறுப்பின இளைஞர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட சவால் நினைவுக்கு வரும். அவர் எடுத்துக்கொண்ட எண்ணிக்கை 60. ஒவ்வொன்றும் 12க்கு 18 அங்குலப் பலகை. 1941இல் அதை முடித்தபோது அவருக்கு வயது 23. அவர் பெயர் ஜேக்கப் லாரன்ஸ்.

லாரன்ஸின் பெற்றோர் தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்தவர்கள். அவர் 1917இல் பிறந்தார். அம்மா வீட்டு வேலை செய்துதான் பிள்ளைகளை வளர்த்தார். 13 வயதில் ஹார்லெமுக்கு வந்த பையன், பள்ளி முடிந்ததும் அக்கம்பக்கத்தில் நடந்த இலவச ஓவிய வகுப்புகளில் உட்கார்ந்தான். சார்லஸ் ஆல்ஸ்டன், அகஸ்டா சாவேஜ் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 135ஆவது தெரு நூலகத்தில் கறுப்பின வரலாற்றுக்கென்றே ஒரு தொகுப்பு இருந்தது. அவனுடைய இன்னொரு பள்ளிக்கூடம் அது.

ஹைத்தி அடிமைப் புரட்சியின் தலைவர் டூசான் லூவெர்ச்சூரை வரைய நினைத்தபோதே லாரன்ஸுக்கு ஒன்று புரிந்துவிட்டது: இந்தக் கதை ஒரு படத்துக்குள் அடங்காது. அதனால் 41 படங்கள் வரைந்தார். பிறகு ஃபிரெடெரிக் டக்ளஸுக்கு 32, ஹேரியட் டப்மனுக்கு 31. இந்த மூன்றும் தலைவர்களின் கதைகள். நான்காவதாக அவர் எடுத்துக்கொண்ட கதையில் தலைவர் என்று யாருமே கிடையாது. தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு வடக்கின் தொழில் நகரங்களுக்கு இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் கிளம்பிப் போன பெரும் இடப்பெயர்வு அது. முதல் உலகப் போர் காலத்தில் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் பேர் அப்படிப் போனார்கள். லாரன்ஸ் வரைந்தது அதன் முதல் கட்டத்தை.

அவர் வேலை செய்த முறையைக் கவனியுங்கள். முதலில் நூலகத்தில் மாதக்கணக்கில் படித்தார். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரவேண்டிய வாசகத்தை எழுதினார். பலகைகளைப் பூசித் தயார் செய்ய ஓவியர் க்வென்டொலின் நைட் உதவினார். பின்னாளில் இருவரும் மணந்துகொண்டார்கள். 60 பலகையிலும் பென்சிலால் வரைந்து முடித்த பிறகுதான் லாரன்ஸ் வண்ணத்தைத் தொட்டார். ஒரு படத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. கறுப்பை எடுத்தால் கறுப்பு வரவேண்டிய எல்லாப் பலகையிலும் கறுப்பு, அடுத்து அதைவிட வெளிறிய வண்ணம், இப்படியே. கடைசி வண்ணம் வரும்வரை ஒரு படம்கூட முடிந்திருக்காது. முடியும்போது எல்லாம் சேர்ந்து முடியும். முதல் படத்தில் இருக்கும் அதே மஞ்சள்தான் கடைசிப் படத்திலும் இருக்கும். 60 படங்களையும் ஒரே படமாகத்தான் அவர் வரைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதற்காக இத்தனை? 15ஆவது பலகையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துத் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றிய பலகை அது. ஒரு மரக்கிளை, அதிலிருந்து தொங்கும் காலிக் கயிறு, கீழே குனிந்து சுருண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். பிணம் இல்லை. தொங்கும் உடலைப் படமெடுத்து அஞ்சல் அட்டையாக விற்ற நாடு அது. அங்கே இவர் அந்த உடலை வரைய மறுத்தார்.

நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். நாளிதழில் நம் மக்களுக்கு எந்தப் படம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? எரிந்த குடிசை, சவக்கிடங்கின் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழும் தாய். அந்தப் படம் வரவேண்டும், வராவிட்டால் வழக்கே பதிவாகாது. ஆனால் அந்த ஒரு படம் மட்டுமே திரும்பத் திரும்ப வரும்போது பார்ப்பவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அடித்தவனும் அடிபட்டவரும் எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு படம் சொல்லாது.

லாரன்ஸின் 60 சொல்கிறது. வண்டு தின்ற பருத்தி, ஆள் பிடிக்க வந்த தரகர்கள், நியாயம் கிடைக்காத நீதிமன்றம், கூலியாட்கள் போய்விடாதபடி ரயிலடியில் செய்த கைதுகள், நிரம்பி வழியும் ரயில், வடக்கிலும் காத்திருந்த நெரிசல் வீடுகள், கலவரம், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து உணவகத்தின் நடுவே கட்டிய கயிறு, அதன் பிறகு கரும்பலகையில் எழுதும் மூன்று சிறுமிகள். இது காரணங்களின் வரிசை. கூடவே, கிளம்புவது என்று மக்கள் தாங்களே எடுத்த முடிவின் வரலாறு.

அவர் தன் மக்களையும் விட்டுவைக்கவில்லை. 53ஆவது பலகையில் பட்டும் தொப்பியுமாக ஒரு கறுப்பினத் தம்பதி நிற்கிறார்கள். ஏற்கெனவே வடக்கில் வசதியாகிவிட்டவர்கள், புதிதாக வந்த ஏழைகளைக் கண்டு முகம் சுளித்ததைச் சொல்லும் படம் அது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை உள்சாதிச் சண்டைகளில் அன்றாடம் பார்க்கும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு பலகை, 20ஆவது, கறுப்பினப் பத்திரிகைகளைப் பற்றியது. சிகாகோ டிஃபெண்டர் போன்ற இதழ்கள் வடக்கே வரச்சொல்லி எழுதின. ரயில் பெட்டிப் பணியாளர்கள் அவற்றைத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோலார் தங்கவயல் நினைவுக்கு வந்தது. வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து நம் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சுரங்க வேலைக்குப் போன இடம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பிறகு 1926இலிருந்து ஜி. அப்பாதுரையார் முயற்சியில் அங்கிருந்துதான் மீண்டும் வெளிவந்தது. என் பாட்டியின் அண்ணனும் கோலாருக்குப் போனவர்தான். ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர், விடுமுறைக்கு வரும்போது ரயிலடியிலிருந்தே பூட்ஸோடு நடந்து வருவாராம். பாட்டி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். அந்த பூட்ஸை வரைந்தவர் யார்?

‘நம்மிடம் கலைஞர்கள் இல்லை’ என்று யாராவது பதில் சொன்னால் நம்பாதீர்கள். லாரன்ஸுக்கு 60 பலகை எப்படிச் சாத்தியமானது? ரோசன்வால்ட் அறக்கட்டளை 1940இல் அவருக்கு உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பணத்தில்தான் 60 பலகைகளையும் பரப்பி வைக்க இடமுள்ள ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். நமக்கும் அப்படித்தான். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை இல்லாமல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குக் கப்பலேறியிருக்க முடியாது. அந்தப் பல்கலைக்கழகமும் ஹார்லெமை ஒட்டித்தான் இருக்கிறது.

இன்றைய நிலை என்ன? பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிப்பதற்கான ஒன்றிய அரசின் உதவித்தொகை விதியை 2022இல் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு அதில் இடமில்லை. அதே ஆண்டு சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் நிறுத்தினார்கள். உன் மக்களின் கதையை மட்டும் படிக்காதே என்பதுதான் இதன் பொருள். உள்நாட்டில் உதவித்தொகை கிடைத்தாலும் மாதக்கணக்கில் வராது. எனக்கு ஏழு மாதம் வரவில்லை. அந்த ஏழு மாதத்தில் என் ஆய்வேடு ஒரு பக்கமும் நகரவில்லை, டியூஷன்தான் எடுத்தேன். உதவித்தொகைக்கான போராட்டத்தை மாணவர்களின் பணப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று இங்குள்ள மூத்த தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 60 படம் வரைவதற்கான நேரத்தைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

வென்றார் என்பதோடு கதையை முடித்துவிட முடியாது. 1941 நவம்பரில் ஃபார்ச்சூன் இதழ் 26 படங்களை வெளியிட்டது. அவர் புகழ் பெற்றார். ஆனால் இரண்டு அருங்காட்சியகங்கள் தொடரைப் பங்கு போட்டுக்கொண்டன. இரட்டைப்படை எண்கள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு, ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் தொகுப்புக்கு. ஒரே படமாக வரைந்ததைச் சேர்த்துப் பார்க்க, இரண்டையும் ஒன்றாக வைக்கும் கண்காட்சிக்காகக் காத்திருக்க வேண்டும். 1954இல் அமெரிக்க மக்களின் போராட்ட வரலாற்றை வரைய மறுபடியும் 60 என்று திட்டமிட்டார். 1956 வரை உழைத்தும் 30தான் முடிந்தது. அதுவும் தனித்தனியாக விற்கப்பட்டுச் சிதறியது. காணாமல் போனதில் ஒன்று 2020இல்தான் நியூயார்க்கில் ஒரு வீட்டில் கிடைத்தது. வரைவதோடு வேலை முடிவதில்லை. சேர்த்து வைக்க நம் கையில் ஓர் இடம் வேண்டும்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். லாரன்ஸ் படத்துக்கு முன்னால் வாசகத்தை எழுதினார். அதற்கு ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்கள், கோலாருக்குப் போனவர்கள், தாராவிக்குப் போனவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். இந்த வாரம் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஏன் கிளம்பினீர்கள், எந்த ரயில், கையில் என்ன எடுத்துப் போனீர்கள், முதல் நாள் எங்கே படுத்தீர்கள் என்று கேட்டு, ஆளுக்கு ஒரு வாசகம் எழுதிக் கொண்டு வாருங்கள். நம் வட்டத்தில் வரையத் தெரிந்த தம்பி தங்கைகள் இருக்கிறார்கள், பலகை வாங்கும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். முதல் வாசகத்தை நான் எழுதிவிட்டேன். ரயிலடியில் ஒரு ஜோடி பூட்ஸ்.