கடலில் போன ஐவர்

கண்டி, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, மாத்தளைப் பக்கமிருந்து வந்து இந்த ஊரில் குடியேறியிருக்கும் என் உறவுகளே!

ஆண்டு விழாவில் சாவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். முன்வரிசையில் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வயதில் போய்விட்ட ஒரு பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அவர் இந்தியக் கடற்படை லெப்டினன்ட் கிரண் ஷெகாவத். தகப்பனாரும் கடற்படைக்காரர்தான். 2010இல் எழிமலைக் கடற்படை அகாதமியிலிருந்து அதிகாரியாக வெளிவந்தார். விமானம் ஓட்டுவது அவர் வேலை இல்லை, அவர் ‘அப்சர்வர்’. ரோந்து விமானத்தின் ராடார் திரையைப் பார்த்து, கீழே போவது மீன்பிடிப் படகா, சரக்குக் கப்பலா, சந்தேகப்பட வேண்டிய வேறு ஏதாவதா என்று பிரித்தறிந்து சொல்பவர். ராத்திரி நேரத்தில் கடலும் வானமும் ஒரே இருட்டாக இருக்கும்போதும் அந்த வேலை நடந்தாக வேண்டும்.

2015 குடியரசு தினத்தில், கடற்படைப் பெண்கள் மட்டுமே சேர்ந்த அணி முதன்முறையாக டில்லி ராஜபாதையில் நடந்தது. கிரணும் அதில் நடந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 24 இரவு, பயிற்சிக்காகப் பறந்த டோர்னியர் விமானம் கோவாவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதிலிருந்த மூவரில் ஒருவரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். முன்பின் தெரியாத ஒருவரை இருட்டில் தண்ணீரிலிருந்து தூக்கிய அந்தக் கைகளை நான் கும்பிடுகிறேன். லெப்டினன்ட் அபினவ் நாகோரியும் கிரணும் பிழைக்கவில்லை. கிரணுக்கு வயது 26. இந்தியக் கடற்படையில் பணியின்போது உயிரிழந்த முதல் பெண் அதிகாரி அவர்.

சீருடை என்றாலே நம் வீடுகள் சிலவற்றில் மனம் சுருங்கும். காரணம் எனக்குத் தெரியும். அந்த வலியை மறக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. அது தெரிந்தேதான் இந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன்.

“சண்டையிலா செத்தார், விபத்துதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைக் கண்டி யுத்த மயானத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஆனாலும் கண்டியில் ஒரு துப்பாக்கிச் சண்டையும் நடக்கவில்லை. அப்படியிருந்தும் அங்கே ஏறக்குறைய இருநூறு பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்களில் யானை அடித்து இறந்த ஒரு கப்டனும் இருக்கிறார். வெள்ளைக்காரர், ஆபிரிக்கர், இந்தியர், நம் இலங்கையர் எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். எந்த விதமாக உயிர் போனது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பணியில் இருந்தார்கள், அது போதும். கிரணுக்கும் அபினவுக்கும் அந்த அளவுகோல்தான் பொருந்தும் என்பது என் துணிபு.

அதே 2015ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி, சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய கடலோரக் காவல்படை டோர்னியரும் திரும்பவில்லை. நம் பூட்டன்மார் தோட்ட வேலைக்காகக் கடந்து வந்த பாக்கு நீரிணையும் அது காவல் காத்த கடல்தான். ஒரு மாதத்துக்கு மேல் தேடி, கடலூருக்கு அப்பால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். கிரணோடும் அபினவோடும் சேர்த்து, அதிலிருந்த மூவரின் பெயரையும் இந்த மேடையில் சொல்லிவிட்டு அமர்கிறேன்: வித்யாசாகர், சுபாஷ் சுரேஷ், சோனி.