பின்புற வில்

மாணவ நண்பர்களே, ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் மோட்டார்ப் பட்டறைச் செய்தியைப் பேச வருவானேன் என்று நீங்கள் எண்ணலாம். பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய பௌதிக விதி ஒன்றை, அறுபது வயதுக்குப் பின், என் பழைய காரின் அடியில் குனிந்து பார்த்தபோதுதான் சரியாகக் கற்றேன்.

கார் ஓர் அம்பாஸடர். உத்தரபாராத் தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டுடன் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதன் பின் அச்சை இருபுறமும் தாங்குபவை வில்பட்டைகள். நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கோத்திருப்பார்கள். பாரம் ஏறினால் வளைவு நிமிரும். நிமிர்ந்தால் நீளம் கூடும். ஆதலால் ஒரு முனையை நிலையாகப் பொருத்தி, மறுமுனையை ஷாக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்கவிடுகிறார்கள்.

என் வண்டியின் பட்டைகள் தளர்ந்து, பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. ஒரு பட்டறையில், வெளியார் செய்த தடித்த பட்டைகளை மாட்டிக் கொடுத்தார்கள். வண்டி நிமிர்ந்து நின்றது, நானும் மகிழ்ந்தேன். முதல் மழையன்று, பேரனும் நானும் மட்டும் சென்ற வெற்று வண்டி, ஒரு வளைவில் குழி தட்டியதும் பின்பக்கம் துள்ளி விலகிற்று. ஏரிக்கரையின் விளிம்புக்கு ஒரு முழம் முன்னே நின்றோம்.

என் பழைய மாணவர் ஒருவர் மெக்கானிக்காக இருக்கிறார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “ஐயா, வில்லை மாற்றியிருக்கிறீர்கள், ஷாக் அப்சார்பரை மாற்றவில்லையே?” என்று கேட்டார். நான் தலை குனிந்தேன்.

பாரத்துக்கு ஏற்ற விகிதத்தில் வில் வளையும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். அதை நான் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! பட்டையின் விறைப்போ தடிப்பின் முப்படியாக ஏறுகிறது. 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 7 மில்லிமீட்டர் பட்டை போட்டால், விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும், கணக்கிட்டுப் பாருங்கள். வில் சக்தியை வாங்கி வைத்துத் திருப்பித் தருவது; செலவழிப்பதன்று. எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பரே அச்சக்தியை வெப்பமாக்கி அடக்குகிறது. பழைய வில்லுக்கென அமைந்த, அதுவும் தேய்ந்துபோன ஒன்று, புதிய வில்லின் துள்ளலை எவ்வாறு அடக்கும்? சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பிய சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது?

பழைய அளவிலேயே பட்டைகளும், அவற்றுக்கு இணையான ஷாக் அப்சார்பர்களும் வாங்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையக் கூடாது என்று அவர் என்னையே கண்டித்தார். வண்டியின் உடலைத் தாங்கிகளில் நிறுத்தி, அச்சைத் தனியே ஜாக்கியால் ஏந்தி, யூ போல்ட்டுகளைக் கழற்றினார். நடு போல்ட்டின் தலை அச்சின் இருக்கையிலுள்ள துளையில் சரியாக அமர வேண்டும். அமராவிட்டால் அச்சு கோணி, வண்டி நண்டு போல் ஓடும். பழைய யூ போல்ட்டுகளை மறுபடி போட அவர் ஒப்பவில்லை. இழுபட்டு நீண்டவை அவை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த வேலைதான். பட்டையின் கண்ணிலுள்ள ரப்பர் புஷ்களின் நட்டுகளை அவர் இறுக்காமலே விட்டார். சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் முழுவதும் வில்லில் அமர்ந்த பிறகே இறுக்கினார். அச்சு தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கிலேயே நாளெல்லாம் உழன்று விரைவில் கிழியும். முந்திய பட்டறையில் அப்படித்தான் இறுக்கியிருந்தார்கள். கழற்றிய புஷ்களே சாட்சி கூறின. பின்புற உயரம் மாறியதால், முன்விளக்குகளின் ஒளி சாலையில் விழும் இடத்தையும் மறுபடி சரிபார்த்தார்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவ்வாறே வண்டியைக் கொண்டுபோனோம். எட்டு நட்டுகளில் இரண்டு இன்னும் சிறிது இடம் கொடுத்தன. ஸ்பானரைப் பிடித்திருந்தவன் என் பேரன்.