வயிற்றில் ஒரு பட்டை

உடல் எடை குறைய, இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிக்கோன் பட்டை பொருத்தும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2001-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. தோலுக்கடியில் பதித்த சிறு வில்லை வழியாக உப்புநீர் ஏற்றி, டாக்டர் பட்டையை இறுக்குவார்.

அதன்பின் சாப்பாடே வேறு. சப்பாத்தியை நகம் அளவுக்குப் பிய்த்து, கூழாகும்வரை மெல்லணும். அவசரப்பட்டால் நெஞ்சிலேயே நின்றுவிடும், வாந்தி வரும். சாப்பிடும்போது தண்ணீரும் கூடாது.

ஆனால் பாயசம், ஐஸ்கிரீமெல்லாம் பட்டைக்கு அடங்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இறங்கிய எடை திரும்ப ஏறுவதற்கு இதுவும் ஒரு வழி. பட்டை வயிற்றைத்தான் பிடிக்கும், ஆசையை அல்ல. ஆசையுடனான போராட்டம் தினசரி நடக்கிறது.

உங்கள் வீட்டில் பட்டை பொருத்திக்கொண்ட ஒருவர் இருந்தால், "இன்னும் ஒரு வாய்" என்று வற்புறுத்தாதீர்கள். அவர் நிதானமாக மெல்லட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.