வால்நட்சத்திரமும் வீராணம் ஏரிக்கரையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வால்நட்சத்திரம் தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது என்பார்கள். என்னைக் கேட்டால், அதைப் படம் பிடிக்க நினைப்பவனுக்குத்தான் ஆகாது! 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன. உடைந்துபோன பீலா வால்நட்சத்திரத்தின் துகள்கள் அவை. பீலா தென்வானில் தெரியலாம், தேடுங்கள் என்று ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃப்யூஸ் சென்னைக்குத் தந்தி அடித்தார். சென்னை வானாய்வு நிலையத்தில் அப்போது போக்சன் துரை. டிசம்பர் 2, 3 ஆகிய இரு விடியற்காலைகளில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்தும் விட்டார். அப்புறம் மேகம் மூடியது மூடியதுதான். பாதையைக் கணக்கிட மூன்று நாள் நோக்கு வேண்டும்; மூன்றாவது கிடைக்கவில்லை. அது பீலா இல்லை என்று பின்னால் முடிவாயிற்று. எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. எல்லாம் நம்ம கார்த்திகை மழை செய்த வேலை.

2024-இலும் அதே கதைதான். அக்டோபர் 12-இல் ட்சுச்சின்ஷான்–அட்லஸ் பூமியிலிருந்து சுமார் 7 கோடி கிலோமீட்டரில் கடந்தது. அந்திவானில் அழகாக மேலேறும் நேரம் பார்த்துப் பருவமழை வந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் விடிவதற்கு முன் எழுந்து கிழக்கே பார்த்தவர்கள் பிழைத்தார்கள்.

சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1949 ஜூலையில் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவர். வானத்தைப் படம் எடுத்த தகட்டைச் சோதித்தபோது புதிய வால்நட்சத்திரம் ஒன்று கிடைத்தது. பாப்பு–பாக்–நியூகிர்க் என்று அதற்குப் பெயர். பிறகு ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உருவாகக் காரணமானவரும் இவரே.

சரி, நம்ம ஊர்க் கொல்லையில் எப்படி எடுப்பது? பூமி சுழல்வதால் டெலஸ்கோப்பும் கூடவே திரும்ப வேண்டும். அதற்கு அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் சுமார் 11 டிகிரி அட்சரேகை. துருவ நட்சத்திரமும் அந்த உயரம்தான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஏறக்குறைய ஒரு முஷ்டி. ஒரு தென்னை மரம் போதும், மறைந்துவிடும்! வெளிநாட்டுத் தாங்கிகள் சிலவற்றை இவ்வளவு தாழ்த்தவே முடியாது. அச்சுக் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருப்பதால் எதிர்எடை காலில் இடிக்கும். இந்தத் தொல்லை லண்டன்காரனுக்குக் கிடையாது.

வால்நட்சத்திரம் சும்மாவும் நிற்காது. 1996 மார்ச்சில் ஹையாகுடாகே ஏறக்குறைய அரை மணியில் முழுநிலா அகலம் நகர்ந்தது. அதன் தலையைப் பின்தொடர்ந்தால் நட்சத்திரங்கள் கோடாகும். நட்சத்திரத்தைத் தொடர்ந்தால் தலை கலைந்துபோகும். பிலிம் காலத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இன்று குறுகிய படங்கள் பலவற்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் தனித்தனியே அடுக்கிச் சேர்த்துவிடலாம். நீல வால் சூரியனுக்கு நேர் எதிரே நீளும். தூசி வால் வளைந்து வெளுப்பாக நிற்கும். இரண்டும் ஒரே படத்தில் விழுந்தால் அன்று தூக்கம் வராது.

அந்தி வால்நட்சத்திரத்துக்கு வீராணம் ஏரிக்கரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மேற்கே தண்ணீர்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஈரம் மட்டும் லென்ஸில் படியும். தலைமுடி உலர்த்தும் கருவியால் இதமாகச் சூடு காட்டினால் போய்விடும். விளக்குகள் ஆண்டுதோறும் கூடிவருவதுதான் கவலை.

சங்க நிதியில் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. வளைவு இல்லாமலேயே நாமெல்லாம் உள்ளே வந்து படித்தோம். அந்தத் தொகையில் ஒரு பகுதியைப் பௌதிகத் துறைக்குக் கொடுங்கள். நம் அட்சரேகைக்குத் தாழும் தாங்கியோடு ஒரு டெலஸ்கோப் வாங்கலாம். 2061-இல் ஹாலி திரும்பும்போது இன்றைய முதலாண்டு மாணவனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அதற்குள் வேறு எத்தனையோ வரும். சாவி மட்டும் ஆபீஸ் பீரோவுக்குப் போகக் கூடாது, மாணவர்கள் கையில் இருக்கட்டும். பிற்பகல் பொதுக்குழுவில் இதை முன்மொழியப் போகிறேன், யாராவது வழிமொழியுங்கள்.