கம்பைலர் கட்டுப்படியாகுமா?

எழுதிய புரோகிராமைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். மாற்றுவதோடு நில்லாமல், வேகமாக ஓடும்படி திருத்தியும் கொடுக்கிறது. அந்தத் திருத்தத்துக்கு இத்தனை மூளையைச் செலவழிப்பது கட்டுப்படியாகுமா? 1998-இல் டாட் பிரோப்ஸ்டிங் என்ற ஆய்வாளர் ஒரு கணக்குப் போட்டார்: சிப்பு ஒன்றரை ஆண்டில் தரும் இரட்டிப்பு வேகத்தைத் தரக் கம்பைலர் ஆய்வுக்குப் பதினெட்டு ஆண்டு ஆகிறது. பேசாமல் புதுச் சிப்பு வாங்கிவிடலாமே! பாதி கேலிதான் என்றாலும், அன்றைக்கு அதை மறுப்பது கடினம்.

2005 வாக்கில் நிலைமை மாறியது. சூடு தாங்காமல் சிப்பின் கடிகார வேகம் ஏறுவது ஏறக்குறைய நின்றுபோனது. கணக்குப் போடும் வேகத்துக்கு மெமரியால் ஈடுகொடுக்க முடியாத தொல்லை அதற்கு முன்பே இருந்தது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் இருப்பவர் உப்புக்கு ஒரு நாள், புளிக்கு ஒரு நாள் என்று கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினால் குழம்பு எப்போது கொதிக்கும்? சிப்பு மெமரிக்குப் போய்வருவதும் அப்படித்தான். கொண்டுவந்ததைச் சிப்பிலேயே இருக்கும் கேஷ் என்ற சிறு சேமிப்பிடத்தில் வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு செய்யக்கூடிய வேலையையெல்லாம் அப்போதே முடித்துவிட வேண்டும். அதற்கு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புகளின் வரிசையை மாற்றி, சிறு கட்டங்களாக வெட்ட வேண்டும். விடை மட்டும் மாறக் கூடாது. சென்னை ஐஐடியில் படித்த உதய் பொந்துகுலா, பேராசிரியர் சடையப்பன் உள்ளிட்டோருடன் 2008-இல் வெளியிட்ட புளூட்டோ, இந்த வெட்டலைத் தானாகவே செய்யும் கருவி. இப்படியெல்லாம் திருத்துவதால் எவ்வளவு லாபம்? 4096 வரிசை, 4096 நிரல் கொண்ட இரண்டு அணிகளைப் பெருக்கும் வேலையை எம்ஐடி ஆய்வாளர்கள் 2020-இல் எடுத்துக் காட்டினார்கள். பைத்தான் மொழியில் ஏழு மணி நேரம் பிடித்தது, அதே கணினியில் அரை வினாடிக்குள் முடிந்தது. முழுப் புகழும் கம்பைலருக்குப் போகாது, மனிதர் கையும் பட்டது. ஆனால் கம்பைலர் வழியே ஓடும் சி மொழிக்கு மாறியதிலேயே 47 மடங்கு வேகம் கிடைத்துவிட்டது.

திருத்துகிறேன் என்று கம்பைலர் கெடுத்துவிடாதா? அந்தப் பயம் நியாயமானதே. 2009-இல் லினக்ஸில், தேவையற்றது என்று கம்பைலர் நீக்கிய ஒரு சோதனை வரியால் பாதுகாப்பில் ஓட்டை விழுந்தது. சி மொழியின் விதிப்படி அந்த நீக்கம் சரி. மெமரியில் இடத்தைக் காட்டும் சுட்டியைப் பயன்படுத்திய பிறகு அது வெறுமையா என்று சோதித்ததுதான் எழுதியவரின் பிழை. லினக்ஸ்காரர்கள் அந்த ஒரு திருத்தத்தை மட்டும் நிறுத்திவைத்தார்கள். மற்ற திருத்தங்களை விட்டுவிடவில்லை.

புதுச் சிப்பு வாங்கலாமே என்பதோ வாங்க முடிந்தவர் பேச்சு. 2014-இன் ஆண்ட்ராய்டு 5, செயலி முழுவதையும் நிறுவும்போதே கம்பைல் செய்து, நேரத்தையும் இடத்தையும் தின்றது. 2016-இன் ஆண்ட்ராய்டு 7, நாம் அதிகம் தொடும் பகுதிகளைக் குறித்துவைத்து, போன் சார்ஜில் சும்மா கிடக்கும்போது அவற்றை மட்டும் கம்பைல் செய்கிறது. மலையூரில் பழைய போனோடு காலம் தள்ளுபவருக்கு, பைசா செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது.