ஓரெழுத்துக்குள் ஒரு மனம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

பெரிய விஷயங்களைப் பேசவல்ல கற்றறிந்தோர் பலர் இச்சபையில் வீற்றிருக்கின்றனர். ஆகவே நான் மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டேன். "ஓ", "ம்", "ஐயோ", "அடடா", "சீ" என்று சம்பாஷணையின் நடுவே நம்மை அறியாமல் வாயிலிருந்து விழுகின்ற சின்னஞ்சிறு சொற்களே அவை. இவற்றை அற்பமென்றே நானும் எண்ணியிருந்தேன். ஓரெழுத்து என் வீட்டில் விளைத்த துன்பத்தின் பின்னர் அவ்வாறு எண்ணுவதில்லை. அக்கதையைப் பின்னர் சொல்வேன்.

நம் முன்னோர் இவற்றை அற்பமாகக் கொள்ளவில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இடைச்சொற்களுக்கென்றே இடையியல் என ஓர் இயல் வகுத்தார். ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் ஓகாரத்துக்கு ஆறு பொருளும் கூறினார். தனித்து வரும் நெட்டுயிர், நீண்டு ஒலிக்கும்போதும் இரட்டித்து ஒலிக்கும்போதும் பொருள் வேறுபடும் என்றும், அவ்வேறுபாடு சொல்பவனது குறிப்பிலும் ஓசையிலுமே தோன்றும் என்றும் காட்டினார். "பாம்பு பாம்பு" என்று அடுக்கிச் சொன்னால் அது அச்சமென்று பள்ளியிலே படித்தோம் அல்லவா? எழுத்து ஒன்றே, ஓசைதான் உயிர்.

"ம்" என்பதைப் பாருங்கள். எங்கள் லயத்திலே அப்பாயி கதை சொல்லும்போது, கேட்பவன் "ம்" கொட்டவேண்டும். அது நின்றால் பேரன் உறங்கிவிட்டான் என்று அறிந்து கதையை நிறுத்திவிடுவார். அதே "ம்" மேலே எழுந்தால் கேள்வி; நீண்டால் யோசனை; "ம்ஹூம்" என்றால் மறுப்பு; "ம்க்கும்" என்றால் ஏளனம்.

"ஐயோ"வும் அப்படியே. கொழுந்து மலையில் அட்டை கடித்தாலும் "ஐயோ"தான். அடுத்த வீட்டுப் பிள்ளை சோதனையில் சித்தியடைந்தான் என்றதும் "ஐயோ, என் தங்கமே!" என்று அணைத்துக்கொள்வதும் அதே சொல்தான். "ஐயோ என்று சொல்லாதே, அது எமன் பெண்சாதியின் பெயர், முருகா என்று சொல்" எனப் பெரியோர் கண்டிப்பதுண்டு. நாவு எதைப் பழகுகின்றதோ, அதுவே இடறும் வேளையில் முந்திவரும் என்பது அதன் உட்கருத்தென்று நினைக்கிறேன். பன்விலவிலிருந்து வத்துகாமம் செல்லும் பஸ்ஸிலே சிங்களச் சகோதரரும் "ஐயோ" என்றே சொல்கின்றனர். 2016ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கும் சொல்லாக அதனை ஏற்றுக்கொண்டது.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் நான் சொன்னதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்றார். "ஆமா" என்றே பழகிய மலைநாட்டுக்காரனாகிய நான், இவர் என்ன, பிரணவம் ஜெபிக்கிறாரோ என்று மலைத்தேன்! நான் படித்தது மிஷன் பாடசாலையில். காலையில் ஜெபத்தின் முடிவில் "ஆமென்" கேட்கும். மாலையில் கோயிலில் "அரோகரா" என்போம். ஒரு கூட்டத்தின் நெஞ்சம் முழுவதையும் ஒரு சொல் தாங்கக்கூடும் என்பதை இரண்டிடத்திலும் கண்டேன்.

இன்று இச்சொற்கள் வாயைவிட்டுக் கைத்தொலைபேசியில் குடியேறிவிட்டன. இனி என் கதைக்கு வருகிறேன்.

என் தகப்பனார் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். ஒரு நாள் வாட்ஸ்அப்பில், "தம்பி, இந்த மாசம் காசு அனுப்பக் கொஞ்சம் சுணங்கும்" என்று எழுதியிருந்தார். விரிவுரைக்கு ஓடிக்கொண்டிருந்த நான் "ஓ" என்று மட்டும் எழுதிவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டேன். என் மனத்திலே அது, "அப்படியா, பரவாயில்லை அப்பா" என்பது. அவர் கண்ணிலே அது, "ஓகோ, அப்படியா சங்கதி!" என்பது. மறுநாள் மாலையே பணம் வந்து சேர்ந்தது. நானும் மகிழ்ச்சியோடு செலவு செய்தேன்.

தைப்பொங்கலுக்கு வீடு சென்றபோதுதான் அம்மா சொன்னார்: "நீ கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சு வட்டிக்கு வாங்கி அனுப்புனாருடா. அன்னைக்கி ராத்திரி அவரு சாப்பிடக்கூட இல்ல."

அப்பாவிடம் சென்று, "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே அப்பா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து "ம்" என்றார். அருகிலே நின்றபடியால் அந்த "ம்"மில் கோபம் இல்லை என்பது எனக்கு விளங்கிற்று. எழுத்தில் வந்திருந்தால் நானும் அன்றிரவு உண்டிருக்கமாட்டேன். அந்தக் கடன் தீர ஐந்து மாதம் சென்றது.

அன்பர்களே, ஓசையும் முகமும் இருக்கும் இடத்திலே ஓரெழுத்து போதும். அவை இல்லாத இடத்திலே, அந்தக் குறையை நாமே சொற்களால் நிரப்பவேண்டும். "ஓ" என்பதன்பின் "பரவாயில்லை அப்பா" என்று சேர்க்க எனக்கு எத்தனை விநாடி சென்றிருக்கும்? நமக்காகத் தூரதேசத்தில் உழைக்கும் தாய் தந்தையருக்கு அந்தச் சில விநாடிகளைக் கொடுக்கமாட்டோமா?

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளிடமிருந்து வெறும் "ம்" வந்தால் அதனை அலட்சியமென்று முடிவு கட்டிவிடாதீர்கள். அழைத்துக் குரலைக் கேளுங்கள். நீங்கள் கேட்கத் தயங்கினால் எங்களுக்கு எங்கள் பிழை தெரியாமலே போய்விடும்.

இக்கூட்டம் முடிந்ததும் நம்மில் பலர் தொலைபேசியைக் கையில் எடுப்போம். இன்றைக்கு எழுதவேண்டாம், அழைத்துப் பேசுங்கள். மறுமுனையில் "ம்" என்று கேட்டால், அதன் பொருள் உங்கள் காதுக்கே தெரியும்.